வீட்டிலேயே ஒரு வால்வு ஆம்ப்ளிபயர்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



நம் லேபில் எல்லோரும் ஐசி வைத்து ஆம்ப்ளிபயர் செய்திருப்போம். டிடிஏ 2030 என்று ஐந்து கால் உள்ள ஓர் ஐசி, கூட நாலைந்து ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அரை மணி நேரத்தில் பாட்டு வந்துவிடும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று வைவாவில் கேட்டால் நம்மில் பாதிப் பேர் கூரையைப் பார்ப்போம். நானும் அப்படிப் பார்த்தவன்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம். முதல் வருடம் 'பயஸ்' என்ற வார்த்தையை மனப்பாடம் செய்து எழுதினேன், அரியர் வைத்தேன். அந்த 'பயஸ்' எனக்கு உண்மையிலேயே புரிந்தது ஒரு ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில். அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் கோபி பக்கம். அப்பா மைக்செட் வேலைக்குப் போகிறவர். குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, பாக்ஸ் தூக்குவது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தபோது முதலாளியிடம் பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்று இருந்ததாம். ஒரு நாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிப்பக்கம் தூசி தட்டச் சொல்லியிருக்கிறார்கள். தட்டும்போது தூக்கி எறிந்திருக்கிறது. வலது கைப் பெருவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"பிளக்கைப் புடுங்கியாச்சு கண்ணு, அப்பறமும் அடிச்சுது. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது" என்பார்.

போன வருடம் அம்மா சீட்டுப் பணத்தில் 4,800 ரூபாய் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் கிட் வரவழைத்தேன். எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை அல்ல. அதனால் இதை நான் விளையாட்டாகச் செய்யவில்லை.

வால்வு என்றால் என்ன?

காற்றை எடுத்துவிட்ட ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே நடுவில் ஹீட்டர். அது கேத்தோடைச் சுட வைக்கிறது. சுட்ட கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியே வருகின்றன. சுற்றி நிற்கும் தகட்டுக்கு, அதாவது பிளேட்டுக்கு, பாசிட்டிவ் வோல்டேஜ் கொடுத்தால் எலெக்ட்ரான்கள் அங்கே பாய்கின்றன. இந்த இரண்டு முனை வால்வை 1904-ல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்தார். 1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இடையில் கிரிட் என்ற கம்பியைச் சேர்த்தார். அந்தக் கிரிட்டுக்குச் சிறிது நெகட்டிவ் கொடுத்தால் எலெக்ட்ரான் ஓட்டம் குறையும். நெகட்டிவைக் குறைத்தால் ஓட்டம் கூடும். வாய்க்கால் மடையில் பலகை வைத்துத் தண்ணீரைக் கட்டுப்படுத்துவது மாதிரி. பலகையை ஆட்ட சிறு பலம் போதும், ஓடுவதோ பெரிய தண்ணீர். ஆம்ப்ளிபிகேஷன் என்பது இவ்வளவுதான்!

1947-ல் பெல் லேபில் டிரான்சிஸ்டர் வந்த பிறகு வால்வு மெல்ல ஒதுங்கியது. நம் நாட்டில் 1954-ல் பெங்களூரில் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ரேடியோ வால்வுகள் தயாரித்தது. பழைய ரேடியோக்களைத் திறந்தால் 'பெல்' என்று அச்சடித்த வால்வுகளை இன்றும் பார்க்கலாம். இப்போது புதிய வால்வுகள் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவிலிருந்து வருகின்றன.

வால்வின் பெயரிலேயே விவரம் இருக்கிறது. என் கிட்டில் வந்தவை ஈசிசி 83 ஒன்று, ஈஎல் 84 ஒன்று. முதல் எழுத்து 'ஈ' என்றால் ஹீட்டர் 6.3 வோல்ட். 'சி' என்றால் ட்ரையோடு, 'சிசி' என்றால் ஒரே குப்பிக்குள் இரண்டு ட்ரையோடு. 'எல்' என்றால் பவர் பென்டோடு. எண் 8-ல் தொடங்கினால் ஒன்பது முள் உள்ள சின்ன பேஸ்.

சர்க்யூட்டை மூன்று துண்டாகப் பிரியுங்கள்

முதல் துண்டு: பவர் சப்ளை. டிரான்ஸ்பார்மரில் இரண்டு செகண்டரி. ஒன்று 6.3 வோல்ட், ஹீட்டருக்கு. ஈஎல் 84 எடுப்பது 0.76 ஆம்பியர், ஈசிசி 83 எடுப்பது 0.3 ஆம்பியர், மொத்தம் 1.06. ஆகவே 1.5 ஆம்பியர் வைண்டிங் போதும். இன்னொன்று 210 வோல்ட். நான்கு 1என்4007 டயோடு வைத்து பிரிட்ஜ் போட்டால் 210 × 1.414 = 297 வோல்ட் டிசி. முதல் கெப்பாசிட்டர் 100 மைக்ரோ ஃபாரட், பிறகு 330 ஓம், பிறகு 47 மைக்ரோ ஃபாரட். இங்கிருந்து ஈஎல் 84-க்குச் சப்ளை. அடுத்து 10 கிலோ ஓம், 22 மைக்ரோ ஃபாரட். இங்கிருந்து ஈசிசி 83-க்கு. கெப்பாசிட்டர் எல்லாம் 450 வோல்ட். 'வருவது 297 தானே, 300 வோல்ட் கெப்பாசிட்டர் போதாதா?' என்று கேட்காதீர்கள். வால்வு சூடாகும் வரை கரண்ட் எடுக்காது. அப்போது வோல்டேஜ் ஏறி நிற்கும். லைனில் 230-க்குப் பதில் 245 வந்தால் இன்னும் ஏறும்.

இரண்டாம் துண்டு: ஈசிசி 83. ஒரு ட்ரையோடு மட்டும் போதும். பிளேட்டில் 100 கிலோ ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓம். வோல்டேஜ் ஏறத்தாழ 50 மடங்கு பெருகும்.

மூன்றாம் துண்டு: ஈஎல் 84. 0.1 மைக்ரோ ஃபாரட், 400 வோல்ட் கப்ளிங் கெப்பாசிட்டர் வழியாகச் சிக்னல் இதன் கிரிட்டுக்கு வரும். இந்தக் கெப்பாசிட்டரைப் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிப் போடாதீர்கள். அது லீக் ஆனால் கிரிட்டுக்குப் பாசிட்டிவ் போய்விடும், வால்வு காலி. கேத்தோடில் 150 ஓம். இந்த 150 ஓமை நினைவில் வையுங்கள். கதை இதில்தான் இருக்கிறது.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கணக்கு

ஈஎல் 84 விரும்புவது சுமார் 5,000 ஓம் லோடு. நம் ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டையும் சேர்த்து வைப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். 5,000 ÷ 8 = 625. இது இம்பீடன்ஸ் விகிதம். சுற்றுகளின் விகிதம் இதன் வர்க்கமூலம், அதாவது 25. சரிதானா என்று பார்ப்போம். 5 வாட் பவருக்கு 5,000 ஓமில் தேவையான வோல்டேஜ் √(5 × 5000) = 158. அதை 25-ஆல் வகுத்தால் 6.3. ஸ்பீக்கர் பக்கம் √(5 × 8) = 6.3. இரண்டும் ஒன்று! செகண்ட் இயரில் டிரான்ஸ்பார்மர் பாடத்தில் இதைப் படித்தபோது வராத சந்தோஷம், வீட்டில் போட்டுப் பார்த்தபோது வந்தது.

இந்த டிரான்ஸ்பார்மர் வழியாக எப்போதும் 45 மில்லி ஆம்பியர் டிசி ஓடுகிறது. அதனால் கோரில் சிறு காற்று இடைவெளி விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் கோர் காந்தத்தால் நிறைந்துபோய் பேஸ் சத்தம் கெட்டுவிடும். சாதாரண பவர் டிரான்ஸ்பார்மரை இதற்குப் பதிலாகப் போடக் கூடாது என்பது இதனால்தான். இன்னொன்று: ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்ளிபயரை ஓட்டாதீர்கள். லோடு இல்லாமல் சிக்னல் போனால் பிரைமரியில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் பொத்துவிடும்.

கட்டும் முன்: மூன்று காப்பு

இது 12 வோல்ட் விளையாட்டு அல்ல. இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆகவே இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒன்று, எர்த். இரும்பு சேஸிஸை எர்த் பின்னோடு சேர்க்க வேண்டும். நான் சேர்த்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சுவரில் இருக்கும் மூணு பின் பாயிண்டைப் பார்த்தார். தன் டெஸ்ட் லேம்ப்பை எடுத்துவந்து பேஸுக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவில் வைத்தார். எரியவில்லை. "ஓட்டை இருக்குது கண்ணு, உள்ளார ஒயரே இல்லை" என்றார். பதினெட்டு வருஷமாக நாங்கள் குடியிருக்கும் வீடு! ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த் போட்டு முடிக்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை கிட் பெட்டியைத் திறக்க அப்பா விடவில்லை.

இரண்டு, பிளீடர் ரெசிஸ்டர். என் கிட்டில் இது இல்லை, நானே சேர்த்தேன். மூன்று கெப்பாசிட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 170 மைக்ரோ ஃபாரட். 297 வோல்ட்டில் அதற்குள் இருக்கும் ஆற்றல் ½ × சி × வி², அதாவது 7.5 ஜூல். ஒரு கிலோ எடையை முக்கால் மீட்டர் உயரம் தூக்கும் பலம். பிளக்கைப் பிடுங்கினாலும் இது உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அப்பாவின் விரலை அடித்தது இதுதான்! முதல் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் போட்டால் டைம் கான்ஸ்டன்ட் 37 நொடி. ஐந்து மடங்கு, அதாவது சுமார் 3 நிமிடத்தில், 2 வோல்ட்டுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கை ரெக்கார்டு நோட்டில் எழுதி அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனூண்டு ரெசிஸ்டர் ஒண்ணு போட்டிருந்தா அடிச்சிருக்காதா?" என்று கேட்டார். அடித்திருக்காதுங்கப்பா என்றேன். வேறு எதுவும் பேசவில்லை.

மூன்று, சீரீஸ் லேம்ப். 60 வாட் குண்டு பல்பை லைனில் சீரீஸாகப் போட்டு, அதன் வழியாக முதல் முறை ஆன் செய்வது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ தப்பு. எந்த மைக்செட்காரரும் இதைச் செய்யாமல் ரிப்பேர் செட்டுக்கு நேரே கரண்ட் கொடுக்க மாட்டார். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

மேலும், கரண்ட் இருக்கும்போது அளந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். தனியாக இருக்கும்போது ஆன் செய்யாதீர்கள்.

கட்டும் வரிசை

முதலில் டிரான்ஸ்பார்மரையும் வால்வு பேஸ்களையும் சேஸிஸில் முடுக்குங்கள். அடுத்து ஹீட்டர் ஒயர். அது ஏசி என்பதால் இரண்டு ஒயரையும் நன்றாக முறுக்கி, சேஸிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். பின் நம்பரை அடிப்பக்கமிருந்து, இடைவெளியில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். ஈஎல் 84-க்கு ஹீட்டர் 4, 5. கிரிட் 2, கேத்தோடு 3, பிளேட் 7, ஸ்கிரீன் 9. ஈசிசி 83-ல் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு முனை, 9 மறு முனை. முதல் ட்ரையோடுக்கு பிளேட் 1, கிரிட் 2, கேத்தோடு 3.

பிறகு பவர் சப்ளை. பிறகு ஈஎல் 84. கடைசியில் ஈசிசி 83-ம் வால்யூம் கண்ட்ரோலும். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் சால்டர் செய்யும் முன் மல்டிமீட்டரில் அளந்து பார்க்க வேண்டும். கலர் கோடை மட்டும் நம்பாதீர்கள். இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால்...

சிவந்த தகடு

வளைக்கும்போது கிட்டில் வந்த 150 ஓமின் கால் ஒடிந்துவிட்டது. பழைய டிவி போர்டிலிருந்து கழற்றிய ரெசிஸ்டர்கள் என் டப்பாவில் கிடந்தன. பிரவுன், கிரீன், பிரவுன் என்று ஒன்று தேடி எடுத்துப் போட்டேன். ராத்திரி மணி ஒன்பது, திண்ணையில் மஞ்சள் பல்பு.

அப்பா சீரீஸ் போர்டை எடுத்துவந்து வைத்தார். "இதுல போட்டுப் பாரு கண்ணு, அப்பறம் நேராக் குடுக்கலாம்" என்றார். எனக்கோ அவசரம். படித்தவன் என்ற நினைப்பும் இருந்தது. "பியூஸ் இருக்குதுங்கப்பா, ஒண்ணும் ஆகாதுங்க" என்று நேராகவே பிளக்கைச் சொருகினேன்.

ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ஸ்பீக்கரில் லேசாக உறுமல். அம்மாவும் தங்கையும் வந்து நின்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரை நிமிடம் ஆகியிருக்கும். அப்பா மூக்கை உறிஞ்சினார். "சூட்டு வாசம் வருது" என்று சொன்னவர், நான் நிமிர்வதற்குள் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். ஈஎல் 84-ன் சாம்பல் நிறத் தகடு நடுவில் கங்கு மாதிரி சிவந்திருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தச் சிவப்பு மங்கியது.

மூன்று நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, அந்த ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தேன். 15 ஓம்! பிரவுன், கிரீன், பிளாக். சூட்டில் மங்கிய பழைய ரெசிஸ்டர், மஞ்சள் வெளிச்சம். கறுப்பு எனக்குப் பிரவுனாகத் தெரிந்திருக்கிறது.

இப்போது 'பயஸ்' பாடத்தைப் பாருங்கள். கேத்தோடு ரெசிஸ்டரில் 50 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.05 × 150 = 7.5 வோல்ட். கேத்தோடு 7.5 வோல்ட் உயரத்தில் நிற்கிறது, கிரிட் பூஜ்யத்தில் நிற்கிறது. ஆகவே கேத்தோடைப் பொறுத்து கிரிட் மைனஸ் 7.5. அதுதான் பயஸ்! கரண்ட் கூடப் பார்த்தால் கேத்தோடு இன்னும் உயரும், கிரிட் இன்னும் நெகட்டிவாகும், கரண்ட் தானே குறையும். வால்வு தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. 15 ஓம் போட்டால் இந்தக் காவல் பத்தில் ஒரு பங்கு. பலகையைத் தூக்கிவிட்ட மடை மாதிரி கரண்ட் பாயும். 12 வாட் தாங்கும் தகட்டில் 20 வாட்டுக்கு மேல் விழுந்திருக்கும்.

பியூஸ் ஏன் போகவில்லை? நான் போட்டிருந்தது 1 ஆம்பியர். தப்போடு ஓடியபோதுகூட லைனில் அதில் கால் பங்கு கரண்ட்கூடப் போயிருக்காது. அந்தப் பியூஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இப்போது லைனில் 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ பியூஸும், 330 ஓமுக்கு முன்னால் 100 மில்லி ஆம்பியர் பியூஸும் போட்டிருக்கிறேன். சீரீஸ் லேம்ப் போட்டிருந்தால் பல்பு பளிச்சென்று நின்று அப்போதே சொல்லியிருக்கும்.

அப்பா திட்டவில்லை. "தெரிஞ்சவனுக்குத்தான் கண்ணு சீரீஸ் லேம்ப் வேணும். தெரியாதவன் பயந்துட்டுத் தொடவே மாட்டான்" என்றார்.

உறுமல் இரண்டு வகை

மறுநாள் புது 150 ஓம் வாங்கிப் போட்டோம். சீரீஸ் லேம்ப் மங்கியது, நேராகக் கொடுத்தோம். தகடு சிவக்கவில்லை, ஆனால் உறுமல் போகவில்லை. பில்டர் கெப்பாசிட்டரை மாற்றலாம் என்று கிளம்பினேன். அப்பா ஸ்பீக்கரில் காதை வைத்தார். "இது கண்டன்சர் உறுமல் இல்லை. அது கொஞ்சம் கீச்சா இருக்கும். இது அடித்தொண்டையில உறுமுது. ஒயரைப் பாரு" என்றார்.

யோசித்தேன். பிரிட்ஜ் ரெக்டிபயர் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸ். லைனிலிருந்து நேராக நுழைவது 50 ஹெர்ட்ஸ். அப்பா சொல்லும் இரண்டு உறுமலும் இவைதான்! அந்தச் சுருதி வித்தியாசத்தை அவர் காதால் பிரிக்கிறார், நான் பார்முலாவால் பிரிக்கிறேன். பார்த்தால், ஹீட்டர் ஒயரை ஓரிடத்தில் முறுக்காமல் ஈசிசி 83-ன் கிரிட் பக்கமாக விட்டிருக்கிறேன். முறுக்கி ஓரமாகத் தள்ளி, ஹீட்டரின் இரண்டு முனையிலிருந்தும் 100 ஓம் ஒவ்வொன்று எர்த்துக்குப் போட்டேன். உறுமல் அடங்கிவிட்டது.

அளந்து வந்த வோல்டேஜ்கள்

நீங்கள் கட்டினால் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம்.

ஈஎல் 84 பிளேட்: 252 வோல்ட்
ஈஎல் 84 ஸ்கிரீன்: 262 வோல்ட்
ஈஎல் 84 கேத்தோடு: 7.6 வோல்ட்
ஈசிசி 83 பிளேட்: 160 வோல்ட்
ஈசிசி 83 கேத்தோடு: 1.3 வோல்ட்
ஹீட்டர்: 6.3 வோல்ட் ஏசி

7.6 ÷ 150 = சுமார் 50 மில்லி ஆம்பியர். ஸ்கிரீனுக்கு 5 போனால் பிளேட்டுக்கு 45. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவில் 245 வோல்ட். பெருக்கினால் 11 வாட். 12-க்குள் இருக்கிறது, நிம்மதி!

பலன் என்ன?

உண்மையைச் சொல்ல வேண்டும். ஹீட்டருக்கு 7 வாட், மற்றதற்கு 13 வாட், ஆக 20 வாட் எடுத்து 4, 5 வாட்தான் தருகிறது. விலை குறைந்த ஐசி இதைவிட அதிகச் சத்தம், குறைந்த டிஸ்டார்ஷன் தரும். வால்வுதான் சிறந்தது என்று நான் சண்டை போடமாட்டேன். ஆனால் ஐசி தப்பை மறைத்துவிடும், வால்வு தப்பைச் சிவந்து காட்டும். படிக்கிறவனுக்கு அது பெரிய உதவி.

அந்த அரியர் பேப்பரைப் போன செமஸ்டரில் எழுதி முடித்துவிட்டேன். செல்ப் பயஸ் கேள்வி வந்தது. மனப்பாடம் தேவைப்படவில்லை.

ஆம்ப்ளிபயர் இப்போது வீட்டு அலமாரியில் இருக்கிறது. அப்பா வேலை முடிந்து வந்தால் அவரே ஆன் செய்கிறார், சூடாகும் வரை எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அணைத்த பிறகு அடிப்பக்கம் பார்க்க வேண்டியிருந்தால் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுகிறார்.

நண்பர்களே, கட்ட விரும்பும் ஜூனியர்கள் மாலை நேரத்தில் என்னை லேபில் பார்க்கலாம். சர்க்யூட் வரைந்து தருகிறேன். வரும்போது மல்டிமீட்டர் கொண்டு வாருங்கள். சீரீஸ் லேம்ப் போர்டு நான் கொண்டு வருகிறேன்.